பக்திமிக்க கோடீஸ்வரர்களும் அமெரிக்க அதிபர் வேட்பாளர்களும்

2012ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி இரவு, மிசௌரி மாநிலத்தின் செயின்ட் சார்ல்ஸ் நகரில் ரிக் சாண்டோரம் வெற்றி உரை நிகழ்த்தினார். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், மினசோட்டா, கொலராடோ, மிசௌரி ஆகிய மூன்று மாநிலங்களிலும் அன்று அவரே முதலிடம் பிடித்திருந்தார். மேடையில் அவருக்குப் பின்னால் நின்றவர்களில் ஃபாஸ்டர் ஃபிரீஸ் என்ற எழுபது வயதைத் தாண்டிய முதலீட்டு நிறுவன அதிபரும் ஒருவர். அவர் கட்சிப் பொறுப்பிலோ அரசுப் பதவியிலோ இருந்தவரல்லர். 1974இல் மனைவியோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் மூலம் பெரும் செல்வம் சேர்த்தவர். 1978இல் தாம் இரட்சிக்கப்பட்டதாக வெளிப்படையாகச் சாட்சி சொல்லிவந்தவர். சாண்டோரத்துக்கு ஆதரவாகத் தனியாகச் செலவிட்ட, சூப்பர் பேக் எனப்படும் பிரசாரக் குழு ஒன்றுக்கு அவர் கொடுத்த தொகை 20 லட்சம் டாலரைத் தாண்டியது. வேட்பாளரும் சூப்பர் பேக்கும் செலவுகளைக் கலந்து திட்டமிடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. பணம் கொடுத்தவர் வேட்பாளரோடு ஒரே மேடையில் நிற்கக் கூடாது என்று சொல்லவில்லை.

கடவுள் நம்பிக்கையைத் தம் அடையாளமாக முன்வைக்கும் பெருந்தொழிலதிபர்கள், அதிபர் வேட்பாளர் ஒருவரைப் பெயர் சொல்லி ஆதரிப்பது இன்று அமெரிக்க அரசியலின் வாடிக்கையாகிவிட்டது. அந்த ஆதரவு உண்மையில் எதைச் சாதிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அவர்கள் சொன்னால் விசுவாசிகள் அப்படியே வாக்களிப்பார்கள் என்ற பொதுவான எண்ணத்துக்குக் கடந்த கால்நூற்றாண்டுத் தேர்தல் முடிவுகள் பெரிதாகத் துணைநிற்கவில்லை. அதே வேளையில், அந்த ஆதரவு வீண் என்றும் சொல்லிவிட முடியாது. அதன் பயன் வாக்குச்சாவடியில் அல்லாமல் வேறு இரண்டு இடங்களில் விளைகிறது.

முதலில், இந்த வேலை போதகர்களிடமிருந்து வணிகர்களின் கைக்கு ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். 1954இல் அன்றைய செனட்டர் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தத்தின்படி, வரிவிலக்கு பெற்ற அறநிறுவனங்களும் சபைகளும் எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ பிரசாரத்தில் இறங்கக் கூடாது. மீறினால் வரிவிலக்கு போய்விடும். நடைமுறையில் இந்தச் சட்டம் சபைகள்மீது பாய்ந்தது மிக அரிது. 1992 தேர்தலில் பில் கிளின்டனுக்கு எதிராக நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்த நியூயார்க் மாநிலச் சபை ஒன்று 1995இல் வரிவிலக்கை இழந்ததும், 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும்தான் எல்லாரும் எடுத்துக்காட்டும் ஒரே நிகழ்வு. ஆனாலும் அந்த அச்சம் போதகர்களின் நாவைக் கட்டிவைத்திருந்தது. 1980 ஆகஸ்டில் டல்லஸ் நகரில் ஆயிரக்கணக்கான சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் (விவிலியத்தையும் தனிப்பட்ட மனமாற்றத்தையும் முன்னிறுத்தும் புராட்டஸ்டன்டுகள்) கூடிய மாநாட்டில் அதிபர் வேட்பாளர் ரொனால்டு ரீகன் இந்தக் கட்டுப்பாட்டையே தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார். நீங்கள் எனக்கு ஆதரவு அறிவிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்ற பொருளில் அவர் பேசியபோது அரங்கம் ஆர்ப்பரித்தது.

சபையில் பெருமதிப்பு பெற்ற தொழிலதிபருக்கு இந்தக் கட்டு கிடையாது. அவர் பேசுவது தனிக் குடிமகனாக; கொடுப்பது வரி கட்டிய சொந்தப் பணத்தை. போதகர் மறைமுகமாகச் சொல்ல வேண்டியதை அவர் பெயர் சொல்லியே அறிவிக்கலாம். தேர்தல் அரசியலுக்கு வெளியே செல்வமும் சமயமும் சேரும் இந்தக் கூட்டுறவு இன்னும் பழையது. சன் ஆயில் நிறுவனத்தின் ஜே. ஹோவர்ட் பியூ, ரூஸ்வெல்ட் ஆட்சியின் பொருளாதாரச் சீர்திருத்தங்களைக் கடுமையாக எதிர்த்தவர். 1956இல் தொடங்கப்பட்ட 'கிறிஸ்டியானிட்டி டுடே' இதழுக்குத் தொடக்க காலத்தில் பொருளுதவி செய்தவர்களில் அவர் முக்கியமானவர். எண்ணெய்ப் பணமும் மறைநூல் பற்றும் அரசுக் கட்டுப்பாட்டின் மீதான வெறுப்பும் ஒரே மனிதரிடம் கூடியிருப்பது, இப்படிப் பார்த்தால், டிரம்ப் காலத்துப் புதுமை அன்று.

பண விஷயத்தில் உண்மையான திருப்பம் 2010இல் வந்தது. வேட்பாளருக்கு ஒருவர் நேரடியாகக் கொடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு இருந்தது, இன்றும் இருக்கிறது. 2016இல் ஒரு தேர்தலுக்கு 2,700 டாலர்தான். ஆனால் 2010 ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், அதைத் தொடர்ந்து மார்ச்சில் கீழமை மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த மற்றொரு தீர்ப்பும், வேட்பாளரிடமிருந்து விலகித் தனியாகச் செலவிடும் குழுக்களுக்கு ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்ற நிலையை உருவாக்கின. சூப்பர் பேக் என்று அழைக்கப்படுபவை இந்தக் குழுக்களே. அதுவரை ஒரு வேட்பாளர் களத்தில் நீடிக்க ஆயிரக்கணக்கானோரிடம் சிறுசிறு தொகையாகத் திரட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒரே ஒரு பணக்காரர் மனம் வைத்தாலும் போதும் என்றானது.

இந்த மாற்றத்தின் முதல் சோதனைக்களம் 2012ஆம் ஆண்டு உட்கட்சித் தேர்தல். முன்னணியில் இருந்த மிட் ராம்னி மார்மன் சபையைச் சேர்ந்தவர்; அந்தச் சபையைக் கிறிஸ்தவத்தின் பகுதியாகவே ஏற்காத சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் பலர். கருக்கலைப்பு விஷயத்தில் அவர் முன்பு எடுத்திருந்த நிலையும் அவர்களுக்கு உறுத்தலாக இருந்தது. எனவே ஜனவரி நடுவில் டெக்சஸில் ஒரு பண்ணை வீட்டில் சுமார் 150 மத, சமூகப் பழமைவாதத் தலைவர்கள் கூடிப் பலமுறை வாக்கெடுத்து, கத்தோலிக்கரான சாண்டோரத்தைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு வாரத்துக்குப் பிறகு தென் கரோலினா வாக்களித்தது. அங்கே வென்றவர் சாண்டோரம் அல்லர், பிரதிநிதிகள் அவையின் முன்னாள் தலைவர் நியூட் கிங்ரிச். அவருக்குப் பின்னால் இருந்தவர் லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகளின் அதிபரும் இஸ்ரேல் ஆதரவில் உறுதியான யூதருமான ஷெல்டன் அடெல்சன். அவர் குடும்பம் கிங்ரிச்சுக்காகக் கொட்டிய பணம் ஏறத்தாழ 2 கோடி டாலர். அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் பின்தங்கிய பிறகு, பழைய கணக்கின்படி கிங்ரிச் களத்தைவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டியவர்.

இந்த ஆதரவு விளையும் முதல் இடம் இதுதான். வேட்பாளர்கள் உட்கட்சித் தேர்தலிலிருந்து விலகுவது பெரும்பாலும் வாக்காளர் கைவிட்டதால் மட்டுமல்ல; விமானச் செலவுக்கும் விளம்பரத்துக்கும் பணம் தீர்ந்துபோவதால். செல்வந்தர் ஒருவர் பின்னால் நின்றால், இரண்டு தோல்விகளைத் தாங்கி மூன்றாவது மாநிலம் வரை போகலாம். அங்கே ஒருவேளை காற்று மாறலாம். பணம் அவகாசத்தை வாங்கித் தருகிறது. சாண்டோரம் அந்த அவகாசத்தை வைத்துக்கொண்டு 11 மாநிலங்களை வென்றார். ஏப்ரல் 10ஆம் தேதி விலகினார். நடுவில் ஃபிரீஸ் தம் பங்குக்கு ஒரு தலைவலியையும் உண்டாக்கினார். கருத்தடை பற்றித் தொலைக்காட்சியில் கேட்டபோது, தம் காலத்தில் பெண்கள் ஆஸ்பிரின் மாத்திரையை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டதே கருத்தடையாக இருந்தது என்று அவர் சொன்ன பழைய நகைச்சுவை நாடு முழுவதும் எதிரொலித்தது; வேட்பாளர் பல நாள் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பணம் கொடுப்பவர் வாயையும் திறந்தால் வரும் தொல்லை எந்த நாட்டு அரசியலுக்கும் பழக்கமானதுதான்.

2016இல் தொகை பெருகியது, ஆட்களும் மாறினார்கள். டெக்சஸின் சிஸ்கோ என்ற, நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊரைச் சேர்ந்தவர்கள் ஃபாரிஸ் வில்க்ஸ், டான் வில்க்ஸ் என்ற சகோதரர்கள். கொத்தனார் குடும்பத்தில் பிறந்து கட்டுமானத் தொழிலில் இறங்கியவர்கள். 2002இல், பாறைகளுக்குள் அழுத்தத்தில் நீரும் மணலும் செலுத்தி எண்ணெயும் எரிவாயுவும் வெளிக்கொணரும் தொழிலுக்கு வந்தார்கள். அத்தொழிலின் பொற்காலம் உச்சத்தில் இருந்த 2011இல், தங்கள் நிறுவனத்தின் பெரும்பங்கைச் சிங்கப்பூர் அரசின் தெமாசெக் தலைமையிலான முதலீட்டாளர்களிடம் விற்றார்கள். விற்பனை சுமார் 350 கோடி டாலர். மூத்தவரான ஃபாரிஸ் அதோடு ஒரு சிறு சபையின் போதகரும்கூட. பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளையும் சனிக்கிழமை ஓய்வுநாளையும் கடைப்பிடிக்கும் அந்தச் சபை, பெரும்பாலான சுவிசேஷக் கிறிஸ்தவர்களின் பார்வையில் வழக்கத்துக்கு விலகியதுதான்.

இந்த இரு குடும்பங்களும் சேர்ந்து, குடியரசுக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட டெக்சஸ் செனட்டர் டெட் குரூஸுக்கு ஆதரவான சூப்பர் பேக்குக்கு 1.5 கோடி டாலர் கொடுத்தன. 2015 டிசம்பர் கடைசியில், ஃபாரிஸின் பண்ணையில் நூற்றுக்கணக்கான போதகர்களும் மத அமைப்புத் தலைவர்களும் குரூஸைச் சந்தித்தார்கள். இதுவும் சட்டத்துக்கு உட்பட்டதே. சபையின் பெயரில் ஆதரிக்க முடியாத போதகர், தனி மனிதராக ஒரு பண்ணைக்கு விருந்தினராகப் போய், தனி மனிதராகவே ஆதரவு தெரிவிக்கலாம். அழைப்பவருக்கு மேய்ச்சல் நிலமும் வசதியும் இருந்தால் போதும். ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 1ஆம் தேதி, சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் நிறைந்த அயோவாவில் குரூஸ் டிரம்பைத் தோற்கடித்தபோது, பணமும் போதகர் வலையமைப்பும் சேர்ந்தால் எதுவும் நடக்கும் என்றே பலரும் நினைத்தார்கள்.

மூன்று வாரத்தில் தென் கரோலினா அந்த நினைப்பைக் கலைத்தது. அங்கே சுவிசேஷக் கிறிஸ்தவர்களின் வாக்குகளில் அதிகப் பங்கை அள்ளியவர், மூன்று முறை மணந்தவரும், சூதாட்ட விடுதி நடத்தியவரும், கடவுளிடம் மன்னிப்புக் கேட்கத் தேவைப்பட்டதில்லை என்ற பொருளில் மேடையில் பேசியவருமான டொனால்டு டிரம்ப். மே 3ஆம் தேதி இந்தியானா தோல்விக்குப் பிறகு குரூஸ் விலகினார்.

மறுபுறம், டிரம்பை ஆதரித்த சமயப் பிரமுகராலும் வாக்குகளைத் திருப்ப முடியவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். வர்ஜீனியாவின் லிபர்ட்டி என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தை இணையவழிக் கல்வி மூலம் பெரும் வருவாய் ஈட்டும் நிறுவனமாக வளர்த்த ஜெர்ரி ஃபால்வெல் ஜூனியர், 2016 ஜனவரி 26 அன்று டிரம்புக்குத் தனிப்பட்ட ஆதரவு அறிவித்தார். அது தேசியச் செய்தியானது. மார்ச் 1 அன்று வர்ஜீனியா வாக்களித்தபோது, அந்த வளாக மாணவர்களின் வாக்குச்சாவடியில் அன்றைய ஃபுளோரிடா செனட்டர் மார்கோ ரூபியோ முதலிடத்திலும், குரூஸ் இரண்டாமிடத்திலும் வர, டிரம்புக்குக் கிடைத்தது சுமார் 8 சதவீதம், நான்காமிடம். தம் பல்கலைக்கழக வளாகத்திலேயே தலைவரின் சொல் எடுபடவில்லை. ஆனால் மாநிலத்தை டிரம்ப் வென்றார்.

இதற்கு நான் காணும் காரணம் எளிது. தம்மைச் சுவிசேஷக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்ளும் வெள்ளை இன வாக்காளர் அனைவரும் ஒரே மந்தையல்லர். வாரந்தோறும் ஆராதனைக்குப் போகிறவர்கள் ஒரு பகுதி; எப்போதாவது போகிறவர்களும், தொலைக்காட்சிச் செய்தியே அரசியல் வேதமாக இருப்பவர்களும் இன்னொரு பெரும்பகுதி. அந்த ஆண்டு உட்கட்சித் தேர்தலில் டிரம்புக்கு இரண்டாம் வகையினரிடம்தான் வலு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டின. பண்ணையில் கூடிய போதகர்களின் செல்வாக்கு எட்டுவதோ முதல் வகையினரைத்தான். செல்வந்தரோ இரு வகையினரோடும் ஒரே சபையில் அமரக்கூடும். ஆனால் ஆலை மூடியதையும் குடியேற்றத்தையும் பற்றிய அவர்களுடைய கோபத்தில் அவருக்குப் பங்கில்லை.

ஆதரவு விளையும் இரண்டாவது இடத்தைப் புரிந்துகொள்ள, ஹாபி லாபி கடைகளின் நிறுவனர் டேவிட் கிரீனைப் பார்ப்பதே நல்லது. தந்தை ஒரு சிறு சபையின் போதகர். உடன்பிறந்தவர்கள் ஊழியத்துக்குப் போக, இவர் மட்டும் வணிகத்துக்கு வந்தார். 1970இல் 600 டாலர் கடன் வாங்கி, வீட்டிலேயே குடும்பத்தாரை வைத்துச் சிறு படச்சட்டங்கள் செய்து விற்கத் தொடங்கினார். 1972இல் ஓக்லஹோமா சிட்டியில் 300 சதுர அடியில் முதல் கடை. இன்று நாடெங்கும் நூற்றுக்கணக்கான கைவினைப் பொருள் கடைகள். அனைத்தும் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். வார இறுதியே விற்பனையின் உயிராக உள்ள தொழிலில், ஞாயிறு கதவடைப்பது கணக்குப் பார்த்து எடுக்கும் முடிவாக இருக்க முடியாது. இவர்களின் பக்தியெல்லாம் வரிக்குறைப்புக்குப் போட்ட முகமூடி என்று சொல்லும் விமர்சகர்களிடம் எனக்குள்ள கருத்து வேறுபாடு இந்த இடத்தில்தான். அதேசமயம், பக்தி எல்லா விஷயத்திலும் கவனத்தைக் கூட்டிவிடுவதில்லை. விவிலியக் கால அரும்பொருள்களைச் சேர்க்கும் ஆர்வத்தில், ஈராக்கிலிருந்து கடத்தப்பட்ட தொல்பொருள்களை வாங்கிய விவகாரத்தில், அந்த நிறுவனம் 2017இல் 30 லட்சம் டாலர் கட்டவும் ஆயிரக்கணக்கான பொருள்களைத் திருப்பிக் கொடுக்கவும் நேர்ந்தது.

ஒபாமா ஆட்சியின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், தொழிலாளர்களின் காப்பீட்டில் கருத்தடைச் சாதனங்களையும் சேர்க்கச் சொன்னது. பட்டியலில் இருந்த 20 முறைகளில் நான்கை, அவை கருவை அழிக்கக்கூடும் என்ற நம்பிக்கையால், கிரீன் குடும்பம் ஏற்க மறுத்து வழக்குத் தொடர்ந்தது. தோற்றால் நாளொன்றுக்கு 13 லட்சம் டாலர் வரை அபராதம் சேரக்கூடிய நிலை. 2014 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சில குடும்பங்களின் கையில் அடங்கிய நிறுவனமும் உரிமையாளரின் மத நம்பிக்கையைக் காட்டி விலக்குக் கோரலாம் என்றானது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும். 2016 பிப்ரவரியில் அந்த ஐவரில் ஒருவரான அண்டனின் ஸ்காலியா காலமானார்.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் கிரீனின் ஆதரவு விளங்கும். உட்கட்சித் தேர்தலில் அவர் ரூபியோவின் பக்கம் நின்றார். அவரது சொந்த மாநிலமான ஓக்லஹோமாவில் குரூஸ் முதலிடமும் டிரம்ப் இரண்டாமிடமும் பெற, ரூபியோ மூன்றாவதாக வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் நாளிதழ்க் கட்டுரை ஒன்றில் டிரம்பை ஆதரித்து எழுதினார். அதில் டிரம்பின் ஒழுக்கத்தை அவர் போற்றவில்லை; காலியான நாற்காலியையும் இனிக் காலியாகக்கூடிய நாற்காலிகளையும் யார் நிரப்புவார் என்பதே அவரது வாதத்தின் மையம். டிரம்பும் இதை அறிந்தே நடந்தார். மே மாதத்திலேயே 11 நீதிபதிகளின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டார்; ஜூனில் நியூயார்க்கில் ஏறத்தாழ ஆயிரம் சுவிசேஷத் தலைவர்களைச் சந்தித்தார். வேட்பாளர் ஒருவர் தேர்தலுக்கு முன்பே உச்ச நீதிமன்றப் பெயர்களை எழுதிக் கொடுப்பது அதுவரை வழக்கில் இல்லாதது. பேரம் என்ற சொல் கடுமையாகப் படலாம். ஆனால் இரு தரப்பும் கொடுக்கல் வாங்கலை வெளிப்படையாகவே செய்தார்கள். அதில் ஒரு நேர்மையும் இருந்தது. 2017 ஏப்ரலில் ஸ்காலியாவின் இடத்துக்கு வந்தவர் நீல் கோர்சச். ஹாபி லாபி வழக்கு 2013இல் கீழமை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்தபோது கிரீன் குடும்பத்துக்குச் சாதகமாக எழுதிய நீதிபதிகளில் அவரும் ஒருவர். 2022 ஜூன் 24 அன்று, கருக்கலைப்புக்கான அரசியலமைப்பு உரிமையை நீக்கிய தீர்ப்பில் டிரம்ப் நியமித்த மூவரும் பெரும்பான்மையோடு நின்றார்கள்.

ஆகவே, கட்சி வேட்பாளர் முடிவான பிறகு வரும் ஆதரவு வேறு வகையானது. வாக்காளர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார். செல்வந்தர் அந்த முடிவின் பின்னால் வந்து நிற்கிறார். நிற்பதற்கு ஒரு விலை கேட்கிறார். அதோடு, மனசாட்சி உறுத்திக்கொண்டிருந்த விசுவாசிக்கு, மனம் சமாதானமாக ஒரு காரணத்தையும் எழுதிக் கொடுக்கிறார். பொதுத் தேர்தலில் வெள்ளை இனச் சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் டிரம்புக்கு வாக்களித்ததாக வாக்குக் கணிப்புகள் சொல்லின. அதைக் கிரீன் திரட்டித் தந்தார் என்பதற்கில்லை. முந்தைய குடியரசுக் கட்சி வேட்பாளர்களுக்கும் அவர்கள் அப்படித்தான் வாக்களித்திருந்தார்கள். பதவியாக விலை வந்ததும் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஆம்வே நிறுவனத்தின் டிவோஸ் குடும்பம், சீர்திருத்தச் சபைப் பின்னணி கொண்டது. அதுவும் முதலில் ரூபியோவின் பக்கம்தான். அக்குடும்பத்து மருமகள் பெட்ஸி டிவோஸ் 2017 பிப்ரவரியில் கல்வி அமைச்சரானார். செனட்டில் வாக்குகள் சமமாகப் பிரிந்ததால், துணை அதிபர் மைக் பென்ஸின் வாக்கு தேவைப்பட்டது. அடெல்சன் விரும்பியபடி, இஸ்ரேலில் உள்ள அமெரிக்கத் தூதரகம் 2018 மே 14 அன்று டெல் அவிவிலிருந்து ஜெருசலேமுக்கு மாறியது.

ஃபிரீஸின் கதை வேறு மாதிரி முடிந்தது. 2016 மே மாதத்தில் டிரம்பின் பக்கம் வந்த அவர், 2018இல் வயோமிங் மாநில ஆளுநர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் தாமே போட்டியிட்டார். வாக்குப்பதிவு நாளன்று டிரம்ப் அவருக்கு ஆதரவு அறிவித்தார். கட்சியின் மிகச் சக்திவாய்ந்த மனிதரின் ஆதரவும் சொந்தப் பணமும் இருந்தும் மார்க் கார்டனிடம் தோற்றார்.

2024 தேர்தலிலும் பெயர்கள்தாம் மாறின. டெக்சஸின் மிட்லேண்ட் நகரைச் சேர்ந்த எண்ணெய்த் தொழிலதிபரும் தம் சபையில் பிரசங்கம் செய்பவருமான டிம் டன், 2023 டிசம்பரில் டிரம்புக்கு ஆதரவான சூப்பர் பேக்குக்கு 50 லட்சம் டாலர் கொடுத்தார். அவருக்குப் பங்குள்ள கிரவுன்ராக் நிறுவனத்தை ஆக்சிடென்டல் நிறுவனம் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தம் அதே மாதத்தில்தான் அறிவிக்கப்பட்டது. இந்த முறை இத்தகைய செல்வந்தர்களில் பலர் வேறொரு சாண்டோரத்தையோ குரூஸையோ தேடிப் பெரும்பணம் போடத் துணியவில்லை. முன்னே போய்க்கொண்டிருந்தவரின் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

2025 ஜூலையில், டெக்சஸில் நடந்த ஒரு வழக்கில், வரித்துறை தன் பழைய நிலையைத் தளர்த்திக்கொண்டது. ஆராதனையின்போது போதகர் தம் சபையாரிடம் வேட்பாளரைப் பற்றிப் பேசினால், அதைச் சட்டம் தடுக்கும் பிரசாரமாகக் கொள்ள வேண்டியதில்லை என்று நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில் சொன்னது. அப்படியானால் இனிச் செல்வந்தரின் குரல் தேவைப்படாது என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மனு பேச்சைப் பற்றியது. காணிக்கைப் பெட்டியின் பணத்தைத் தேர்தலுக்குத் திருப்பலாம் என்று அது சொல்லவில்லை. போதகர் ஞாயிறன்று பெயரைச் சொல்லட்டும். அடுத்த மாநிலம் வரை வேட்பாளரைக் கொண்டுசெல்லும் விமானத்துக்கும் விளம்பரத்துக்கும் ஆகும் செலவு, முன்போலவே மிட்லேண்டிலிருந்தும் சிஸ்கோவிலிருந்தும்தான் வந்தாக வேண்டும்.